சத்தமே போடாதபோது கை தூக்கியவர்கள்

காது பரிசோதனை நிலையம் நடத்துகிற மனிதரை அவருடைய நண்பர்கள் ‘காதுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. அதே கட்டடத்தில் மாடியில் ஒரு மூலநோய் டாக்டர் இருந்தார். அவருடைய நண்பர்கள் அவரை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று யோசித்துப் பார்த்து, காதுக்காரர் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

வேலை எளிது. வெளிச்சத்தம் நுழையாத ஒரு பெட்டி அறை. அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல். ஆளை உள்ளே உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியிலிருந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்ப வேண்டும். கேட்டால் கை தூக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் யாராலும் முடிவதில்லை. பெயிலாகப் பிடிக்காமல் கையைத் தூக்கிவிடுவார்கள். பல்லைப் பிடுங்கும்போது பொய் சொல்லாத மனிதன்கூடக் காதைச் சோதிக்கும்போது சொல்லுவான்.

இதற்காகவே அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். நடுநடுவே பொத்தானை அழுத்துவது போலப் பாவனை செய்வார். சத்தம் எதுவும் போகாது. உள்ளே இருப்பவர் புருவத்தைச் சுருக்கி, எங்கோ பார்த்து, பூப்பறிப்பது போல மெதுவாகக் கையைத் தூக்குவார். காதுக்காரர் தாளில் ஒரு குறுக்குக்கோடு போட்டுக்கொள்வார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் அந்தப் பூப்பறிப்பை நடித்துக் காட்டுவார். தபால் பிரிக்கும் அலுவலகத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த மனைவி வாய்விட்டுச் சிரிப்பாள். மாமனாரும் சிரிப்பார். ஆனால் கொஞ்சம் தாமதமாக, மகள் சிரித்து முடிக்கிற நேரமாகப் பார்த்து.

அந்தத் தாமதம் காதுக்காரருக்குப் பிடிக்கவில்லை. அதில் ஏதோ ஊமைக் குசும்பு இருப்பதாகச் சந்தேகப்பட்டார்.

மாமனார் லாரிகளைச் சரக்கோடு நிறுத்தி எடை போடுகிற எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு மகள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வந்த மறுநாளே சமையலறையைக் கைப்பற்றிவிட்டார், அடுத்த வாரம் பால்கனியை. காதுக்காரர் எதைக் கேட்டாலும் புன்னகைத்து, தலையை ஆட்டி, அதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லுவார். “மழை வருமா மாமா?” என்றால் “ஃப்ரிட்ஜ்ல இருக்கு மாப்ளே” என்பார். மருமகனை ஒரு பொருட்டாக மதிக்காதவன்தான் இப்படிப் பேசுவான் என்று காதுக்காரர் முடிவு கட்டியிருந்தார்.

அவரை மதித்தவர்கள் மூன்றே பேர். பல் டாக்டர், வக்கீல், கண்ணாடிக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொருவர் வீட்டில் முறைவைத்துக் கூடி, உலகத்தில் வேறு யாருமே கேட்டிராத இசைத்தட்டுகளைக் கேட்பது இவர்கள் வழக்கம். பத்துப் பேருக்குத் தெரிந்த இசை என்றால் இவர்களுக்கு அது சந்தைச் சரக்கு. நூறு பேருக்குத் தெரிந்துவிட்டால், நாங்கள் எப்போதோ கேட்டு அலுத்துவிட்டோம் என்பார்கள். இந்தச் சபையில் காதுக்காரர் சொன்னதுதான் தீர்ப்பு. தொழிலே காதாயிற்றே.

ஐந்தாவதாக ஒருவர் இருந்தார், பாஸ்போர்ட் ஆபீஸில் வேலை. கேட்காத தட்டைக் கேட்டேன் என்று சொல்லி ஒரு நாள் மாட்டிக்கொண்டார். யாரும் திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் போன் செய்யவில்லை, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் செய்யவில்லை, அவ்வளவுதான். இப்போது அவர் ஞாயிறு காலையில் கார் கழுவுகிறார் என்று கேள்வி.

இப்படி இருக்கையில்தான் பல் டாக்டர் தன் போனை நீட்டினார். “இந்த வலைப்பூவைப் படிக்கிறீங்களா? ‘ஓரத்து அடுப்பு’ன்னு ஒரு ஆள் எழுதறான். பேர் கிடையாது, ஊர் கிடையாது. சமையல், தோட்டம், இசை, சினிமா எல்லாம் கலந்து கட்டி எழுதறான். ஆனா ஆளு லேசுப்பட்டவன் இல்ல.”

எல்லாரும் குனிந்து படித்தார்கள். ‘கேட்டது’ என்ற பகுதியில் இப்படி இருந்தது.

*மூன்று பேர், கதவு சாத்தியிருக்கிறது. இதை முழுசாகக் கேட்க ஐம்பது நிமிஷம் ஆகும். காலில் செருப்பு கூடாது. முதலாமவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு தரம் குலுங்கி நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்குகிறார். இரண்டாமவர் மெதுவாக ஆரம்பித்து, போகப்போகத் தலைவிரித்து ஆடி, தரையையே உலுக்கிவிட்டுச் சட்டென்று அடங்கிவிடுகிறார். மூன்றாமவர் கடைசியில் வருகிறார். ஒரே ஒரு அடி. ஒரு நாள் முழுக்கச் சேர்த்துவைத்த கோபம் அந்த அடியில் இருக்கிறது. அவருக்கு யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் தேவலை.*

“ஆகா!” என்றார் வக்கீல். “இவங்களோட முந்தின தட்டை நான் கேட்டிருக்கேன். இதைவிட அது நல்லா இருக்கும்.”

“நான் இதையே ஒரு நண்பர் வீட்ல கேட்டேன்” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். “செருப்பைக் கழட்டிட்டுத்தான்.”

மூன்று பேரும் காதுக்காரரைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “என்கிட்ட இருக்கு” என்றார் அவர். “முதல் பதிப்பு. அதுல மூணாவது ஆளுதான் உசுரு. மத்த ரெண்டு பேரும் சும்மா பக்கவாத்தியம்.”

“அப்புறம் என்னய்யா!” பல் டாக்டர் தொடையில் தட்டினார். “அடுத்த வாரம் உன் வீட்டு முறைதானே? போடு, கேப்போம்!”

“ரொம்பத் தேஞ்சிருக்கும்...”

“நீ கேட்டுக் கேட்டுத் தேஞ்சதுதானே? பரவால்ல.”

திங்கட்கிழமை காதுக்காரர் தனக்குத் தெரிந்த அத்தனை பழைய தட்டுக் கடைகளுக்கும் போன் போட்டார். செவ்வாய்க்கிழமை தனக்குத் தெரியாத கடைகளுக்கும் போட்டார். பட்டியல்களைத் துழாவினார். அப்படி ஒரு தட்டு எங்கேயும் இல்லை. மூன்று பேரும் இல்லை, கதவும் இல்லை.

அவருக்கு மூக்கு வியர்த்தது. இது நம்ம வித்தை ஆச்சே! பொத்தானை அழுத்துவது போல ஒருவன் பாவனை செய்திருக்கிறான், நாமும் பூப்பறித்துவிட்டோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குறுக்குக்கோடு போட்டுக்கொண்டிருப்பவன் யார்? மூன்று பேரில் ஒருவன்தான். அவன் இல்லாத தட்டை எழுதி, நம்மைத் தூண்டில் போட்டுப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டிலேயே வைத்து நம் மானத்தை வாங்கப் போகிறான். அதன் பிறகு கார் கழுவ வேண்டியதுதான். காதுக்காரரிடம் காரும் இல்லை.

ஆளைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. இசையிலும் படத்திலும் யார் வேண்டுமானாலும் அளக்கலாம். சமையலும் தோட்டமும் அப்படியில்லை, அவற்றுக்கு ஓர் அடுப்பும் கொஞ்சம் மண்ணும் வேண்டும். காதுக்காரர் பால்கனிக்குப் போய், அங்கே கிடந்த உடைந்த சலவைத் தொட்டியின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ‘வளர்த்தது’ பகுதியை வாசித்தார்.

*தக்காளியை உடைந்த சலவைத் தொட்டியில் வைத்திருக்கிறேன். நேர் வெயில் கிடையாது. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பட்டு வருகிற இரவல் வெயில்தான். தக்காளி குறை சொல்லவில்லை. புதினாதான் வாடுகிறது. சாயங்காலமானால் ஒருவர் அதன் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் போனில் பேசுகிறார். என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது. புதினாவுக்குத் தெரிந்திருக்கிறது.*

கையை ஆட்டி ஆட்டிப் போனில் பேசுகிறவன் என்றால் வக்கீல்தான், தன்னையே வேறு ஆள் மாதிரி எழுதியிருக்கிறான். கிடைத்தது துப்பு என்று தொட்டியிலிருந்து முழங்கையை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

வக்கீல் வீட்டில் தோட்டம் இருந்தது, பிளாஸ்டிக்கில். வாரத்துக்கு ஒரு முறை ஈரத்துணியால் துடைப்பதாகப் பெருமையாகச் சொன்னார். நூல் விட்டுப் பார்க்கலாம் என்று “நீயே சமைச்சுப் போடேன்” என்று காதுக்காரர் கேட்டதற்கு, ரொட்டியில் வெண்ணெய் தடவி நீட்டினார். வெண்ணெய் நடுவில் மட்டும் இருந்தது.

புதன்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் வீடு. அவர் சமைத்தார். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, வீடியோவில் ஒரு பெண் சொல்லச் சொல்ல, நிறுத்தி நிறுத்திச் சமைத்தார். நடுவில் விளம்பரம் வந்தபோது வெங்காயம் கருகியது. ‘சமைத்தது’ பகுதியில் எழுதுகிறவனோ வேறு ஜாதி. *கரண்டிக் கணக்கை நான் நம்புவதில்லை. வெங்காயம் நூற்று நாற்பது கிராம், உப்பு ஏழு கிராம். எதை நிறுப்பதானாலும் முதலில் வெறும் பாத்திரத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும்* என்று எழுதுகிறவன்.

வியாழக்கிழமை பல் டாக்டர் வீட்டில் சாப்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால் ஓட்டலிலிருந்து வந்திருந்தது.

“மூணு நாளா ஊர் வீட்ல எல்லாம் போய்ச் சாப்புட்டு வர்றீங்க” என்றாள் மனைவி, கொஞ்சம் சத்தமாகவே. சமீபமாக அவள் எல்லாவற்றையும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அதையும் காதுக்காரர் கவனித்து, காரணம் தெரியாமல், சந்தேகக் கணக்கில் சேர்த்துவைத்திருந்தார். “வீட்டுச் சாப்பாட்டுல என்ன குறை கண்டீங்க?”

“குறை இல்ல. ஒரு ஆராய்ச்சி.”

“என்ன ஆராய்ச்சி? வக்கீல் வீட்டு ரொட்டியிலயா?”

“உனக்குச் சொன்னா புரியாது.”

“புரியாதுதான். அப்பா உங்களுக்குன்னு மூணு நாளா எடுத்து வெக்கிறார், மறுநாள் நான்தான் ஆபீசுக்குக் கட்டிட்டுப் போறேன். மூணு நாள் ஒரே சூப்பு. அங்க எல்லாரும் எனக்குப் பல்லு போயிடுச்சான்னு கேக்கறாங்க.”

காதுக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மாமனார் அடுப்பருகே போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்வை பட்டதும் புன்னகைத்துத் தலையை ஆட்டினார். கல்லுளிமங்கன், என்று காதுக்காரர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நிலையத்தில் கூட்டமில்லை. ‘ஓரத்து அடுப்பு’ எழுதிய அத்தனையையும் முதலிலிருந்து படித்தார். ‘பார்த்தது’ பகுதியில் ஒன்று அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. *ஒருவர் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். ஃப்ரிட்ஜைத் திறக்கிறார். உள்ளே வெகுநேரம் பார்க்கிறார். எதையும் எடுக்காமல் மூடுகிறார். மறுநாளும் இதே. என்ன தேடுகிறார் என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதைக்கிறது.* அடியில் வக்கீல் கருத்து எழுதியிருந்தார்: “திரைப்பட விழாவில் பார்த்தேன். பாதித் தியேட்டர் எழுந்து போய்விட்டது. நான் போகவில்லை.” நல்ல படமாகத்தான் இருக்கும், பார்க்க வேண்டும் என்று காதுக்காரர் குறித்துக்கொண்டார்.

குறித்துக்கொண்டிருக்கும்போதே பென்சில் நின்றது.

நாற்பத்தாறு கட்டுரைகள். அவற்றில் உறுமல் வருகிறது, அதிர்வு வருகிறது, இடி, குலுக்கல், கனத்த காலடி எல்லாம் வருகின்றன. புல்லாங்குழல் ஒன்றுகூட இல்லை. மணி இல்லை, பறவை இல்லை, சிட்டிகை போடும் சத்தம்கூட இல்லை. ‘பார்த்தது’ பகுதியில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் பழக்கதோஷத்தில் ஒரு பரிசோதனைத் தாளை எடுத்து, கட்டுரைகளையே நோயாளியாக உட்காரவைத்து, கேட்டவற்றுக்கெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு போனார். கோடு இடப்பக்கம் நன்றாக நடந்து வந்தது. வலப்பக்கம், சுருதி உயர உயர, மாடிப்படியில் தவறி விழுந்தவன் போலச் சரிந்தது.

இந்த ஆளுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. அதிலும் கீச்சென்ற சத்தங்கள் சுத்தமாகப் போய்விட்டன.

பல் டாக்டர்! இருபது வருஷமாகக் காதோரத்தில் ட்ரில்லை ஓட்டுகிறவன். எல்லாம் பொருந்திவந்தது. சாப்பாட்டை ஓட்டலிலிருந்து வரவழைத்தது கண்துடைப்பாக இருக்கும்.

சனிக்கிழமை காலை பல் கிளினிக்குக்குப் போய், பல்லைக் காட்டுகிற சாக்கில் நாற்காலியில் சாய்ந்தார். டாக்டர் முதுகைத் திருப்பிய சமயம் பார்த்து, சட்டைப்பையிலிருந்து சின்ன சாவிக்கொத்தை எடுத்து, அரை அடி உயரத்தில் மெல்ல ஆட்டினார்.

“என்னய்யா கிலுகிலுப்பை ஆட்டறே?” என்றார் டாக்டர் திரும்பாமலே. “பயமா இருந்தா சொல்லு, கையைப் பிடிச்சுக்கறேன்.”

காது கண்ணாடி மாதிரி இருந்தது. காதுக்காரர் பற்களைச் சுத்தம் செய்துகொண்டு, மானம் போவதற்கு இன்னும் ஒரே நாள் இருக்கிற மனிதனாக வீடு திரும்பினார்.

மதியம் பன்னிரண்டு. மனைவிக்கு அன்று வேலை நாள். சந்தேகப் புத்தி முற்றிப்போயிருந்ததால் தன் வீட்டுப் பூட்டையே சத்தமில்லாமல் திறந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நின்றார்.

உள்ளங்காலில் ஏதோ கூசியது. ஃப்ரிட்ஜ் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. குளியலறையில் சலவை மெஷின் துணியைச் சுழற்றிப் பிழிகிற கட்டத்துக்கு வந்து, தலைவிரித்து ஆடி, தரையை உலுக்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் மாமனார் இவருக்கு முதுகு காட்டி நின்றார். இடது கையில் போன். வலது உள்ளங்கையை அடுப்பு மேடைமீது அகல விரித்து வைத்திருந்தார். குக்கர் வீறிட்டு விசிலடித்தது. அவர் அசையவில்லை. ஆனால் குக்கர் குலுங்கியதில் மேடையில் கிடந்த கரண்டி துள்ளியது. அவர் உதடு “மூணு” என்றது. மேடையின் மூலையில், மகள் வாங்கிக் கொடுத்த டைமர் கீகீகீ என்று உயிரைவிட்டுக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருமில்லை.

அன்று காலையில்தான் ‘ஓரத்து அடுப்பு’ புதிதாக ஒன்று எழுதியிருந்தது. *விசிலை எண்ணாதீர்கள். கையை மேடைமேல் வையுங்கள். கரண்டி நாலு தரம் துள்ளினால் கடலை வெந்துவிட்டது.*

காதுக்காரர் அடுப்பைப் பார்த்தார். குக்கர் இருந்தது ஓரத்து அடுப்பில். திரும்பி ஜன்னல் வழியே பால்கனியில் இருந்த சலவைத் தொட்டியைப் பார்த்தார். அதில் தக்காளி சிவந்திருந்தது. அதை ஒட்டி, அவர் தினமும் சாயங்காலம் நின்று போன் பேசுகிற பக்கத்தில், புதினா வாடியிருந்தது.

இன்னும் ஒரே ஒரு பரிசோதனை பாக்கியிருந்தது. ஓசைப்படாமல் பின்னால் நடந்து வாசலுக்குப் போய், கதவைத் திறந்து, தினமும் சாயங்காலம் சாத்துகிற மாதிரியே சாத்தினார்.

தடால்.

“வாங்க மாப்ளே” என்றார் மாமனார், திரும்பாமலே. “இன்னிக்கு ரொம்பச் சீக்கிரம்.”

காதுக்காரருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கால் தன்பாட்டுக்கு ஃப்ரிட்ஜிடம் கூட்டிப்போனது. திறந்தார். உள்ளே வெகுநேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், தான் பார்க்க வேண்டும் என்று குறித்துவைத்திருந்த படம் எது என்று அவருக்கு உறைத்தது. மூடினார்.

மாமனார் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். மருமகன் முகத்தைப் படித்தார்.

“தெரிஞ்சுடுச்சா?”

“எது மாமா?” காதுக்காரர் முகத்தை நேராக வைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நிலையத்தில் தினமும் முப்பது பேரிடம் இப்படித்தான் பேசுவார். வீட்டில் பேசுவது இதுதான் முதல் தடவை.

“ரெண்டுல எது தெரிஞ்சுதோ அது.”

“ரெண்டும்.”

மாமனார் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த மேடையை மறுபடி துடைத்தார். “எடைமேடையிலயே பாதி போயிடுச்சு. நாள் முழுக்க லாரி. மீதி இங்க வந்தப்புறம்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே. என் தொழிலே இதுதானே!”

“அதனாலதான் சொல்லல மாப்ளே.” அவர் குரலில் கோபமில்லை, எடை சொல்கிற குரல்தான். “உங்க பெட்டிக்குள்ள நான் உக்காந்தா, நீங்க சத்தம் போடாதப்போ நானும் கை தூக்குவேன். கண்டிப்பாத் தூக்குவேன். அதை நீங்க சாயங்காலம் இந்த மேஜையில நடிச்சுக் காட்டுவீங்க. அவ சிரிப்பா. அவ சிரிச்சு முடிக்கிற நேரம் பாத்து நானும் சிரிக்கணும்.”

காதுக்காரர் கையிலிருந்த சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டார். அது கிலுகிலுத்தது அவருக்கு மட்டும்தான் கேட்டது.

“அவளுக்குத் தெரியுமா?”

“கொஞ்ச நாளா சத்தமாப் பேசறா. ஏன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல. சொல்லிட்டா அடுப்பைப் புடுங்கிடுவா. விசில் கேக்காத ஆள் கையில கேஸைக் குடுப்பாளா? ஹால்ல உக்காரவெச்சு ஆப்பிள் நறுக்கிக் குடுப்பா. அதுவும் பல்லு இருக்கறவனுக்கு.”

“அப்போ எழுதறது...?”

“பேசினா பதில் காதுக்குள்ள வருது, அதைப் புடிக்க முடியல. எழுதினா பதிலும் எழுத்தாவே வருது. வசதியா இருக்கு.”

“மாமா, அந்தத் தட்டு...”

“எந்தத் தட்டு?”

“மூணு பேரு, கதவு...”

மாமனார் ஃப்ரிட்ஜைக் காட்டினார், குளியலறைப் பக்கம் கையை நீட்டினார். மூன்றாவதாக வாசற்கதவைப் பார்த்தவர், மரியாதைக்காகப் பார்வையை விட்டத்துக்கு ஏற்றிக்கொண்டார். “மூணாவது ஆள் நல்ல மனுஷன்தான். கோவம் யார் மேலன்னுதான் புரியல.”

“அதைப் போய் இசைத்தட்டுன்னு எழுதி ஊரை ஏமாத்திட்டீங்களே!”

“நான் எங்க தட்டுன்னு எழுதினேன்? ‘கேட்டது’ன்னு எழுதினேன். கேட்டேன், எழுதினேன். கட்டுரைக்குக் கீழ, கருத்துல, யாரோ ஒரு பல் டாக்டர்தான் முதல் பதிப்பு எங்க கிடைக்கும்னு விசாரிச்சார். ஆசையாக் கேக்கறாரே, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

காதுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியானால் தூண்டிலும் இல்லை, சதியும் இல்லை. யாரும் பொத்தானை அழுத்துவது போலப் பாவனைகூடச் செய்யவில்லை. நான்கு படித்த மனிதர்கள் தாங்களாகவே வரிசையாகப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து, தாங்களாகவே கை தூக்கியிருக்கிறார்கள்.

அந்த நிமிஷத்தில் அவருக்கு ஒரு பெரிய ஆசை வந்தது. நாளைக்கு மூன்று பேரையும் உட்காரவைத்து, மெஷினைப் போட்டுவிட்டு, “இதோ உங்க தட்டு! அதை எழுதின ஆளு இதோ!” என்று போட்டு உடைத்தால்? அவர் மானம் தப்பும், மூன்று பேர் மானமும் மொத்தமாகக் கப்பலேறும். ஆனால் அதற்குக் கிழவரின் காதைச் சபையில் வைக்க வேண்டும். சபைக்குத் தெரிந்தால் மகளுக்குத் தெரியும்.

“நாளைக்கு உங்க கூட்டாளிங்க வர்றாங்கல்ல?” என்றார் மாமனார். அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டு மருமகனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்ல மாட்டேன்” என்றார் காதுக்காரர். “அவகிட்ட நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் டைமர் கத்தினா நான் வந்து தோளைத் தட்டறேன். நான் வெளியில போறப்போ உங்களுக்கு லைட் எரியற டைமர் ஒண்ணு நிலையத்துல இருக்கு, கொண்டுவர்றேன். ஆனா திங்கக்கிழமை பெட்டிக்கு வரணும்.”

“வித்தை காட்ட மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

மாமனார் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். இத்தனை நாள் அந்த வீட்டில் சந்தேகம் ஒரே ஆளின் சொத்தாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். கண்ணாடிக்கடைக்காரர் காலுறையையும் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். “அந்த நண்பர் வீட்ல இப்படித்தான்” என்றார். மூன்று ஜோடி வெறுங்கால்கள் கூடத்துத் தரையில் பயபக்தியோடு வரிசையாக இருந்தன.

“எடுய்யா தட்டை” என்றார் பல் டாக்டர்.

“என்கிட்ட இல்ல” என்றார் காதுக்காரர். “இருந்ததும் இல்ல. நான் கேட்டதும் இல்ல. அன்னிக்குச் சும்மா சொன்னேன்.”

மூன்று முகங்களிலும் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார் பல் டாக்டர்.

“காதே கேக்காம கை தூக்கிடுச்சே!” என்றார் வக்கீல். ரொம்ப நாளாகச் சேர்த்துவைத்திருந்த வாக்கியம் போல இருந்தது.

“விடுங்கப்பா” என்றார் கண்ணாடிக்கடைக்காரர் பெருந்தன்மையாக. “அந்த நண்பர்கிட்ட சொல்லி ஒரு நாள் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். கேட்டாத்தான்யா புரியும், சொன்னாப் புரியாது.”

காதுக்காரர் வாயைத் திறந்தார். சமையலறை வாசலில் மாமனார் சூப்புக் கிண்ணங்களோடு நிற்பதைப் பார்த்தார். மூடிக்கொண்டார். அவருக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் சும்மா இருந்தார். எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அப்போதுதான் புரிந்தது.

சூப்பைக் குடித்துக்கொண்டே மூன்று பேரும் அந்தத் தட்டைப் பற்றி விவாதித்தார்கள். மூன்றாமவர் ஒரே அடியோடு நிறுத்தியது சரியா தவறா என்று வக்கீலுக்கும் பல் டாக்டருக்கும் வாக்குவாதம் முற்றியது. ஃப்ரிட்ஜ் குலுங்கி நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கியது. குளியலறையில் மெஷின் வேகமெடுத்தது. மேஜைமேல் கிண்ணங்கள் நடுங்கின. மூன்று ஜோடி வெறுங்கால்களுக்கு அடியில் தரை கிடுகிடுத்தது.

“யோவ், அந்த மெஷினை நிறுத்தச் சொல்லுய்யா” என்றார் வக்கீல், கிண்ணத்தைக் கையில் தூக்கிக்கொண்டு. “இசையைப் பத்திப் பேச விடமாட்டேங்குது.”

காதுக்காரர் உள்ளங்காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. மெஷின் உச்சத்துக்குப் போய், ஆடித் தீர்த்து, சட்டென்று அடங்கியது. சமையலறையில் மாமனார் முதுகைக் காட்டி நின்றார். உள்ளங்கை மேடையில் விரிந்திருந்தது. கரண்டி ஓய்ந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. எதற்கோ காத்திருந்தார்.

காதுக்காரர் எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய், வெளியே நின்று, கதவின் பிடியைப் பிடித்தார். கோபம் இல்லாமல் அதே எடையில் ஒரு கதவைச் சாத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று சான்றிதழ் கேட்டு வந்து சண்டை போட்ட ஒரு வாடிக்கையாளரை நினைத்துக்கொண்டார்.

தடால்.

“கோச்சுக்கிட்டுப் போயிட்டான் பாரு” என்று உள்ளே பல் டாக்டர் சொல்வது கதவு வழியாகக் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வராது என்பதும் அந்தக் குரலில் கேட்டது.

கதவைத் திறந்தார். சமையலறையில், சுவரைப் பார்த்தபடி, மாமனார் வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி நின்றார். அது பூப்பறிக்கிற கை இல்லை. மேடையில் ஏறிய லாரியை ‘நில்’ என்று நிறுத்துகிற கை.

“யாருக்குய்யா கை காட்டறாரு உங்க மாமனார்?” என்றார் வக்கீல்.

“எனக்குத்தான்” என்றார் காதுக்காரர்.

கதவைச் சாத்தியதற்கு முன்னாலேயே அந்தக் கை எழுந்துவிட்டதோ என்று அவருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. நல்லவேளை, குறுக்குக்கோடு போடக் கையில் தாள் இல்லை.